கணினியிற் கோப்புறை தேடும் முறை

வைத்த இடம் மறந்து ஒரு பொருளைத் தேடுவார்க்கு நேரும் இடர் இருவகைப்படும். தேடிய பொருள் கிடையாது போதல் ஒன்று. அதனைப் போன்ற வேறொரு பொருள் கிடைக்க, அதுவே தாம் தேடியதென மயங்கி எடுத்துச் செல்லுதல் மற்றொன்று. முன்னையதில் இழப்பு நமக்குத் தெரிகின்றது, மேலும் தேடுகின்றோம். பின்னையதிலோ தேடுதலையே நிறுத்திவிடுகின்றோம். ஆதலின் பின்னையதே பெரிய கேடு என்பது எம் கருத்து. கணினியிலுள்ள கோப்புறைகளைச் சுட்டியை நாடாது விசைப்பலகையாலேயே விரைந்து கண்டு திறக்கும் முறையொன்றை இக்கட்டுரையில் விளக்கப் புகுந்தோம். அம்முறையின் பயன் விரைவு ஒன்றே எனப் பலரும் எண்ணுவர். யாமும் ஒருகால் அங்ஙனமே எண்ணியிருந்தோம். எம் எண்ணத்தை மாற்றியது எம் பிழையொன்றே. அதனை முதற்கண் கூறிவிடுதல் நன்று.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இத்தகைய மலரொன்றின் தமிழ்ப் பகுதிக்குக் கட்டுரைகளைத் தொகுக்கும் பணி எம்பாலதாயிற்று. முதலாண்டு மாணவர் ஒருவர் தம் ஊர் ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதி, படங்களும் சேர்த்து, ஒரு கோப்புறையாகத் தந்தார். அதிலிருந்த பிழைகள் சுட்டிக் காட்டப்பட்டன. அவர் இரண்டு கிழமை உழைத்து, ஏரியின் மதகுகளை நேரிற் சென்று பார்த்து, பாதிக்குமேல் புதிதாகவே எழுதி மீண்டும் அனுப்பினார். முதலில் வந்த கோப்புறை மலருக்கென யாம் அமைத்திருந்த இடத்தில் இருந்தது. பின்னர் வந்ததோ, இறக்கிய கோப்புகள் தாமே சென்று சேரும் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையிற் கிடந்தது. அச்சகத்துக்கு அனுப்பும் நாளில் யாம் வழக்கம்போற் சுட்டியைப் பிடித்து, ஒன்றனுள் ஒன்றாக ஐந்து கோப்புறைகளைத் திறந்து சென்று, அங்கிருந்த ஏரிக் கட்டுரையை எடுத்து அனுப்பினோம். மலர் வெளிவந்தது. திருத்தாத கட்டுரை, பிழைகள் அத்தனையும் உடன் தாங்கி, அம்மாணவரின் பெயரோடு அச்சேறியிருந்தது. அவர் அதற்குள் ஊரிலுள்ள தம் தந்தையாருக்கு ஒரு படி அனுப்பியிருந்தார். எம்மிடம் வந்து, “பரவாயில்லை, ஐயா,” என்று மட்டும் கூறிச் சென்றார்.

இது நிற்க. கோப்புறைக்குள் கோப்புறையாக அடுக்கி வைக்கும் முறை எங்ஙனம் வந்ததென்பதைச் சிறிது காண்போம். அமெரிக்க நாட்டில் மல்டிக்ஸ் என்னும் கணினி அமைப்பினை வகுத்த காலத்தில், டேலி, நியூமன் என்னும் இருவர் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையொன்றில் இவ்வடுக்கு முறை விரித்துரைக்கப்பட்டது. அதன்பின் தோன்றிய யூனிக்ஸ் இதனைக் கைக்கொண்டது. சிறு கணினிகளுக்கென 1981-இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸ் அமைப்பிலோ உட்கோப்புறை என்பதே கிடையாது. 1983-இல் வந்த இரண்டாம் பதிப்பிலேதான் அது சேர்க்கப்பட்டது. காரணம் வெளிப்படை. நெகிழ்வட்டொன்றிற் கொள்ளும் கோப்புகள் மிகச் சிலவே. ஒரே பட்டியலிற் கண்டுவிடலாம். 1983-இல் வந்த ஐ.பி.எம். எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் கொள்ளும் வன்வட்டு இருந்தது. அத்துணைப் பெரிய வெளியைப் பிரிக்காமல் ஆளுதல் இயலாதெனக் கருதினர். இன்று செல்பேசியில் எடுக்கும் நிழற்படங்கள் மூன்று நான்கே அவ்வெளியை நிரப்பிவிடும்.

அடுக்கு வந்தவுடன் தேடும் தொல்லையும் உடன் வந்தது. மருந்து காண்பாரும் உடனே தோன்றினர். நார்ட்டன் யுட்டிலிட்டிஸ் என்னும் தொகுதியில் 1980-களில் என்.சி.டி. என்றொரு சிறு கருவி இருந்தது. முழுப் பாதையையும் எழுதாது கோப்புறைப் பெயரின் ஒரு பகுதியை மட்டும் எழுதினால், அது நம்மை அங்கே கொண்டு சேர்க்கும். வட்டிலுள்ள கோப்புறைகளின் பட்டியலை ஒரு தனிக் கோப்பில் எழுதி வைத்துக்கொள்வதே அதன் உபாயம். யூனிக்ஸ் உலகில் ஜேம்ஸ் உட்ஸ் என்பார் 1983-இல் கோப்புகள் அனைத்துக்கும் அத்தகைய பட்டியலொன்றை மிகச் சுருங்கிய வடிவில் ஆக்கும் வழியைக் கூறினார். பாதைப் பெயர்களை அகர வரிசைப்படுத்தி, முன்னதன் தொடக்கத்தோடு ஒத்த பகுதியை மீண்டும் எழுதாது விடுவதே அவர் செய்தது. ‘லொகேட்’ என்னும் ஏவல் அவ்வழியில் வந்ததாகும். ஆயினும் பட்டியல் எழுதிய பின்னர்ப் பிறந்த கோப்புறை பட்டியலில் இராதன்றோ? லொகேட்டின் பட்டியல் பெரும்பாலும் இரவில் ஒருமுறை புதுக்கப்படும். காலையில் உண்டாக்கியதை மாலையில் தேடினால் இல்லையென்றே விடை வரும்.

இனி விண்டோஸ் கணினியை எடுத்துக்கொள்வோம். நம்மிற் பெரும்பாலோர் கையாள்வது அதுவே. புதிதாக யாதொன்றும் நிறுவாமலே விசைப்பலகையால் ஆவன சில உள. விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தை அழுத்தினால் கோப்புகளைக் காட்டும் சாளரம் திறக்கும். அச்சாளரத்தில் ஆல்ட் விசையோடு ‘டி’ எழுத்தை அழுத்தினால் பாதை எழுதும் கட்டம் நம் வசமாகும். ஆல்ட் விசையோடு மேலம்பை அழுத்தினால் ஒரு படி மேலே செல்லலாம். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ எழுத்தை அழுத்தின், ‘ரன்’ என்னும் சிறு கட்டம் தோன்றும். அதில் ஒரு முற்றுப்புள்ளி மட்டும் இட்டு என்ட்டர் அழுத்துவார்க்குத் தம் பெயரிலுள்ள கோப்புறை திறக்கும். ‘ஷெல்’ என ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளியிட்டு, இடைவெளியின்றி ‘டவுன்லோட்ஸ்’ என எழுதினால் அக்கோப்புறை திறக்கும். இவையெல்லாம் கல்லூரிக் கணினிக் கூடத்திலும் உடனே செய்து பார்க்கத்தக்கன. எனினும் இவை பாதையை அறிந்தார்க்கே உதவும். எங்கு வைத்தோம் என்பதே தெரியாதார்க்கு இவற்றால் ஆவது சிறிது.

அத்தகையார்க்கு உதவுவது ‘எவ்ரிதிங்’ என்னும் கருவி. டேவிட் கார்ப்பெண்டர் என்பார் இயற்றி, வாய்ட்டூல்ஸ் என்னும் பெயரில் விலையின்றி வழங்குவது. அது செய்யும் வேலையை ஓர் உவமையால் விளக்குவாம். விடுதியில் ஒரு மாணவரைத் தேடி வந்த உறவினர், அறைதோறும் சென்று கதவைத் தட்டி வினவுவாராயின் பொழுது சாய்ந்துவிடும். காப்பாளர் மேசைமேலுள்ள பதிவேட்டைப் புரட்டுவாராயின் ஒரு நொடியில் அறை எண் விளங்கும். விண்டோஸ் கணினிகளின் வன்வட்டு என்.டி.எப்.எஸ். என்னும் அமைப்பினது. அதில் முதன்மைக் கோப்புப் பட்டியல் என ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் கோப்புறைக்கும் அதில் ஒரு பதிவு இருக்கும். பதிவொன்று பெரும்பாலும் 1024 பைட் அளவினது. பொருளின் பெயரும், அது எக்கோப்புறையின் கீழ் உள்ளதென்பதும் அப்பதிவில் அடங்கும். எவ்ரிதிங் அறைக் கதவுகளைத் தட்டுவதில்லை, பதிவேட்டையே படித்துவிடுகின்றது. ஏறத்தாழ 1,20,000 கோப்புகளுடைய புதிய விண்டோஸ் 10 கணினியை ஒரு நொடியளவிலும், 10 லட்சம் கோப்புகளை ஒரு நிமிட அளவிலும் பட்டியலிடும் என அதனை இயற்றியவர் கூறுகின்றார்.

பட்டியல் பழையதாகிவிடாதோ எனின், ஆகாது. விடுதி வாயிலில் காவலர், போவார் வருவாரைக் குறித்துக்கொள்ளும் சிறு ஏடொன்று வைத்திருப்பாரன்றோ? அதுபோல் என்.டி.எப்.எஸ். அமைப்பிலும், எக்கோப்பு பிறந்தது, எது பெயர் மாறியது, எது நீங்கியது என்பவற்றைக் குறித்துவரும் மாற்றக் குறிப்பேடு ஒன்று விண்டோஸ் 2000 முதல் உண்டு. எவ்ரிதிங் அக்குறிப்பேட்டை இடையறாது கவனித்துத் தன் பட்டியலைத் திருத்திக்கொள்கின்றது. ஆகவே ஒரு கோப்புறையை இக்கணம் உண்டாக்கி மறுகணம் தேடினாலும் கிடைக்கும். லொகேட்டிடம் கண்ட குறை இங்கே நீங்கிற்று.

கையாளும் முறை எளிது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் விசைப்பலகைக்கென ஒரு பிரிவு உண்டு. அங்கே அதனை அழைப்பதற்குரிய விசைக் கூட்டு ஒன்றை நாமே வகுத்துக்கொள்ளலாம். யாம் வைத்திருப்பது கண்ட்ரோல், ஆல்ட், ‘எஃப்’ என்னும் மூன்றும் சேர்ந்தது. அதனை அழுத்தியவுடன் எழுதும் கட்டம் தோன்றும். பெயரில் நினைவிலுள்ள துண்டை எழுத வேண்டியதே. எழுத எழுதப் பட்டியல் சுருங்கிக்கொண்டே வரும். இரு சொற்களை இடைவெளிவிட்டு எழுதினால், இரண்டும் உடையவை மட்டும் நிற்கும். அவை எவ்வரிசையில் இருப்பினும் குற்றமில்லை. சொல்லின் முன் ஆச்சரியக்குறி இட்டால் அச்சொல் உடையவை விலகும். ‘போல்டர்’ என ஆங்கிலத்தில் எழுதி முக்காற்புள்ளியிட்டுத் தொடர்ந்து பெயரை எழுதினால், கோப்புகள் ஒதுங்கிக் கோப்புறைகள் மட்டுமே தோன்றும். நமது நோக்கத்துக்கு இதுவே இன்றியமையாதது. இதனையொன்று நினைவிற்கொண்டால் மற்றவை மெல்லப் பழகும். பின்னர்க் கீழம்பை அழுத்திப் பட்டியலில் இறங்கி, வேண்டிய வரியில் நின்று என்ட்டர் அழுத்தினால் கோப்புறை திறந்துவிடும். கோப்பொன்றன்மேல் நின்று கண்ட்ரோலும் என்ட்டரும் சேர்த்து அழுத்தினால், அக்கோப்பு இருக்கும் கோப்புறை திறக்கும். கோப்பின் பெயரே நினைவிலிருந்து கோப்புறையின் பெயர் மறந்தார்க்கு இது பெருந்துணை. இத்துணையும் செய்ய வலக்கை ஒருமுறையேனும் சுட்டிக்குச் செல்ல வேண்டுவதில்லை.

வெள்ளிக்காசைக் காணாது விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணின் உவமையை வேதாகமம் பயில்வோர் அறிவர். அவளுக்குத் தன் காசு எத்தனை என்பது தெரியும். ஒன்று குறைந்தவுடன் உணர்ந்தாள். நாமோ கணினியில் நம் காசு எத்தனை என்பதையே அறியோம். ஏரிக் கட்டுரை ஒன்று என யாம் எண்ணியிருந்தோம், இரண்டு இருந்தன. மலர் வெளிவந்து பழி ஏற்ற அன்று மாலை, இக்கருவியில் ‘ஏரி’ என்னும் இரண்டெழுத்தை எழுதிப் பார்த்தோம். கோப்புறைகள் இரண்டும் அடுத்தடுத்த வரிகளில், தாம் இருக்கும் பாதையோடும் கடைசியாக மாறிய நாளோடும் நின்றன. இருபது நாள் வேறுபாடு ஒரு பார்வையிலே விளங்கிற்று. பாதை வழியே செல்வான் தான் சென்ற இடத்தில் உள்ளதை மட்டுமே காண்கின்றான். பெயரால் அழைப்பானோ, அப்பெயருடையார் அனைவரும் திரும்பிப் பார்ப்பதைக் காண்கின்றான். அனுப்புவதற்கு முன் அவ்வாறு ஒருமுறை அழைத்திருந்தால் அப்பிழை நேர்ந்திராது. அடுத்த ஆண்டு மலரில் அக்கட்டுரை திருத்திய வடிவில் மீண்டும் வெளியிடப்பெற்றது. எனினும் தந்தையாரிடம் முதலிற் சென்றது பழைய படியே.

ஆய்வேடு எழுதும் மாணவர்க்கும் அவர்தம் வழிகாட்டிகளுக்கும் இதனை வற்புறுத்திக் கூறுவோம். ஓர் அதிகாரத்தை ஆசிரியர்க்கு அனுப்புமுன், அதன் பெயரைத் தேடி, எத்தனை படிகள் உள, எது பிந்தியது என்று பார்த்து அனுப்புக. ‘டிஎம்’ என்னும் இரண்டு ஆங்கில எழுத்தும், முக்காற்புள்ளியும், ‘டுடே’ என்னும் சொல்லும் இடைவெளியின்றி எழுதினால், இன்று மாறியவை மட்டுமே தோன்றும். இரவெல்லாம் விழித்துத் திருத்தியதை எங்கே சேமித்தோம் எனத் திகைப்பார்க்கு இது கைகொடுக்கும்.

விசைப்பலகை முறையை யாம் பெரிதும் மதிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. பார்வையற்ற மாணவர்க்குச் சுட்டியால் ஆவதொன்றுமில்லை. திரையில் அம்பு எங்கே நிற்கின்றதென்பது அவர்க்குத் தெரியாதன்றோ? ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் விசைப்பலகையைக் கொண்டே நடத்தப்பெறுவது. அதனைக் கையாளும் மாணவர் ‘ரன்’ கட்டத்தைத் திறந்து பாதையை எழுதிக் கோப்புறையை அடையும் விரைவு, சுட்டியோடு தடுமாறும் நம்மை நாணச் செய்யும். நமக்கு வசதியாக உள்ளது அவர்க்கு வாயிலாக உள்ளது. கணினிப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர், “இங்கே சொடுக்குங்கள், அங்கே சொடுக்குங்கள்” என்று மட்டும் கூறாது, அதற்குரிய விசையையும் உடன் கூறுவாராயின் வகுப்பில் ஒருவரும் வெளியே நில்லார். படம் வரைவார்க்கும் பக்கம் அமைப்பார்க்கும் சுட்டி வேண்டுவதே. அதனை யாம் இகழ்ந்தோமில்லை.

மாக் கணினி உடையார்க்கு 2005 முதல் ஸ்பாட்லைட் என்னும் தேடுகருவி கமாண்ட் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தக் கிடைக்கின்றது. லினக்ஸ் பயில்வார் எஃப்.இசட்.எஃப்., சொக்சைடு முதலிய கருவிகளை நாடலாம். பின்னையது நாம் அடிக்கடி செல்லும் கோப்புறை எதுவென்பதைத் தானே நினைவிற்கொள்வது.

பெயரால் அழைப்பதற்குப் பெயர் இருத்தல் வேண்டும். ‘நியூ போல்டர்’ என விண்டோஸ் தானே இடும் பெயரை மாற்றாது விடுவார் பலர். அப்பெயரைத் தம் கணினியில் ஒருமுறை தேடிப் பார்க்கட்டும், பக்கம் நிறைந்துவிடும். ‘பைனல்’, ‘பைனல் நியூ’ என்னும் பெயர்களும் அவற்றுக்கு உடன்பிறந்தனவே. பின்னர் நம் நாவில் எச்சொல் முதலில் வருமோ அச்சொல்லையும், ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் தேதியையும் பெயரில் அமைத்தால் போதும். அடுக்குகளை ஆழமாக்குவதிற் பயனில்லை. விண்டோஸில் முழுப் பாதை 260 எழுத்துகளைக் கடந்தால் திறவாத செயலிகள் பல இன்னும் உள. எட்டடுக்கு மாளிகை கட்டி நீண்ட பெயர்கள் இட்டவர்கள் அதனை ஒருநாள் அறிவர்.

தமிழிற் பெயரிடுவார் அறிய வேண்டுவது தனியே ஒன்றுண்டு. யூனிகோடு முறையில் ‘தொகுப்பு’ என்னும் சொல்லின் முதலெழுத்தை இருவகையால் எழுதலாம். ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக எழுதுவது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் இரு குறியெண்களாகப் பிரித்து எழுதுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. என்.டி.எப்.எஸ். அமைப்புக்கோ அவை வேறு வேறு. அது பெயர்களை வந்தவாறே பதிந்துகொள்ளுமன்றி ஒருமைப்படுத்துவதில்லை. ஆகவே ‘தொகுப்பு’ என ஒரே பெயருடைய இரு கோப்புறைகள் ஒரே இடத்தில் அருகருகே நிற்கவும் கூடும்; ஒன்றைத் தேட மற்றொன்று அகப்படாது போதலும் கூடும். ‘ஔவை’ என்பதில் ஔகாரத்தை இடாது, ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவாரால் விளையும் குழப்பம் பலர் அறிந்ததே. ஒரு விசைப்பலகையிலிருந்து மற்றொன்றுக்கு மாறினார்க்கும், பிறரிடமிருந்து கோப்புறை பெற்றார்க்கும் இது நேரும். உபாயம் எளிது: ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் எழுத்தை விடுத்து எஞ்சிய துண்டைத் தேடுக. ‘தொகுப்பு’ வேண்டுமாயின் ‘குப்பு’ என எழுதுக. அப்பெயருடைய நண்பர் எவரேனும் இருந்தால் அவருடைய நிழற்படங்களும் உடன் வரும், அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் பெயரிட்ட பழைய கோப்புறைகளோ பொருளற்ற உரோம எழுத்துகளாகவே தோன்றும். அவற்றை ஓய்வாக ஒருநாள் திறந்து பார்த்துப் பெயர் மாற்றுவதன்றி வேறு வழியில்லை.

எவ்ரிதிங்கின் எல்லைகளையும் கூறிவிடுவாம். அது முதன்மையாகப் பெயரையே தேடுவது. உள்ளே எழுதியிருக்கும் செய்தியைத் தானே பட்டியலிடுவதில்லை. பிற கணினியிலுள்ள பகிர்வுக் கோப்புறைகளையும், என்.டி.எப்.எஸ். அல்லாத வேறு அமைப்பிலுள்ள பென் டிரைவ்களையும் அது தானே சேர்த்துக்கொள்ளாது. அமைப்புப் பக்கத்தில் நாமே சேர்த்தல் வேண்டும். பென் டிரைவில் உள்ளதைக் காணாது, கணினியிலேயே இல்லையென முடிவு செய்தவரை யாம் கண்டிருக்கின்றோம்.

பலர் புழங்கும் கணினியில் இதனினும் கருதத்தக்கது ஒன்றுளது. முதன்மைப் பட்டியலைப் படிக்க நிர்வாகி உரிமை வேண்டும். அதற்கென எவ்ரிதிங்கைச் சேவையாக நிறுவுவது வழக்கம். அங்ஙனம் நிறுவிய கணினியில், சாதாரண உரிமையுடையவரும் வட்டிலுள்ள கோப்புறைகள் அனைத்தின் பெயரையும் காண்பர். பிறருடைய கோப்புறையைத் திறக்க இயலாது; ஆனால் பெயர் தெரிந்துவிடும். துறை அறையிலுள்ள கணினியில் ஒரு மாணவரின் பெயரும், ‘ஒழுங்கு விசாரணை’ என்னும் சொல்லும் சேர்ந்த கோப்புறை இருந்தால், அதனைத் திறவாமலே செய்தி வெளியாகும். அத்தகைய கணினிகளில் சேவையை நிறுவாது, வட்டு முழுவதையும் பட்டியலிடும் அமைப்பை நீக்கி, தமக்குரிய கோப்புறை ஒன்றனை மட்டும் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டுவதில்லை. முதன்முறை பட்டியலிடச் சிறிது பொழுது மிகும். பின்னர்த் தேடும் விரைவிற் குறைவில்லை.